பெரியம்மா மரத்தைக் காயப்படுத்திய வாரம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "மரத்தில் கத்தி கொஞ்சம் ஆழமாகப் பட்டுவிட்டது, அதற்கென்ன?" என்கிறார்கள். என் பேத்தியே அப்படித்தான் கேட்டாள். பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவள்; ரப்பர் மரத்தைக் கார் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்தவள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பட்டையைத்தான் சீவ வேண்டும், கத்தி உள்ளே கட்டையைத் தொடக் கூடாது, தொட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாய் வளர்ந்து பிறகு அங்கே பாலே இறங்காது. அதைத்தான் காயம் என்போம். நமக்கெல்லாம் நடை பழகும்போதே தெரிந்த சங்கதி.

அப்படிப்பட்ட காயத்தை என் பெரியம்மா வேண்டுமென்றே போட்டாள். ஒரு மரத்தில் இல்லை, தனக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரை முழுக்க. அதை நான் கண்ணால் பார்த்தேன். அறுபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. என் குழப்பம் இன்னும் தீரவில்லை.

பெரியம்மா என்றால் என் அப்பாவின் அண்ணன் மனைவி. செடெனாக் ரயில் நிலையத்திலிருந்து உள்ளே நாலு கட்டை, அதாவது நாலு மைல், தள்ளி எங்கள் தோட்டம். பெரியப்பாவும் பெரியம்மாவும் கப்பலில் வந்து அங்கே இறங்கியபோது அப்பாவுக்குப் பதினான்கு வயது, சித்தப்பாவுக்கு ஒன்பது. தாய் தகப்பன் இல்லாத தம்பிகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்கள். வந்த வருடமே பெரியப்பா காய்ச்சலில் போய்விட்டார். பெரியம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுகூட ஆகியிருக்காது. கொழுந்தன்கள் இருவரையும் வளர்த்து, அப்பாவுக்குப் பெண் பார்த்துக் கட்டிவைத்து, பிறந்த என்னைக் குளிப்பாட்டி, வரிசை வீடான லயத்தில் எங்கள் இரட்டை அறையை ஒரு சர்க்கார் மாதிரி நடத்தினாள்.

அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. நான் கண் திறக்கும்போது சோறு வெந்திருக்கும், தேங்காய்த் துவையல் அரைத்திருக்கும், அவள் தலையில் நீலக் கட்டம் போட்ட துணியைச் சுற்றிக்கொண்டிருப்பாள். பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் கூடும் முதல் மணிக்கு அவள்தான் முன்னால் நிற்பாள். பால் வெட்டி, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களிலிருந்து பால் எடுத்து, வாளிகளைத் தோளில் காவிக்கொண்டு போய் ஸ்டோரில் ஊற்றிவிட்டு, மத்தியானம் வந்து குளிப்பாள். அதற்குப் பிறகு புல் வெட்டு. சாயங்காலம் லயத்துக்குப் பின்னால் மரவள்ளியும் கீரையும் பார்ப்பாள். அவள் கையிலிருந்த ரோமத்தில் ரப்பர்ப் பால் காய்ந்து நூல் நூலாக ஒட்டியிருக்கும். அதை உரித்து உருட்டிப் பந்து செய்வது என் வேலை. உரிக்கும்போது அவளுக்கு வலித்திருக்க வேண்டும். ஒரு நாளும் கையை இழுத்ததில்லை. அந்தப் பந்துகளை ஒரு பிஸ்கட் தகரத்தில் சேர்த்து வைத்திருந்தேன். ஜப்பான்காரன் காலத்தில் வீடு மாறியபோது அது எங்கோ போய்விட்டது. அந்தத் தகரத்தைத் திறந்ததும் எழுகிற புளித்த நாற்றம் மட்டும் இப்போதும் சில சமயம் மூக்கில் வந்து நிற்கிறது.

அவள் சாது என்று நினைத்துவிடாதீர்கள். நாக்கில் முள் வைத்திருப்பவள். அகப்பைக் காம்பால் என் முட்டியில் அடித்திருக்கிறாள். அம்மாவுக்கு அவள் என்றாலே பயம். அம்மாவுக்குப் பால் வெட்டுச் சரியாக வராது. கத்தி ஒரு பக்கம் கோணும், மெதுவாகத்தான் வெட்டுவாள். ஒரு தரம் அம்மா ஒரு மரத்தைக் காயப்படுத்திவிட்டாள். தோட்டமே கேட்கும்படி பெரியம்மா திட்டினாள்.

"மாடு மாதிரிதான்டி இதுவும். மடியக் கிழிச்சிட்டுப் பால் கறப்பியா நீ? இதுதானே நமக்குச் சோறு போடுது?"

களிமண்ணும் சாணியும் குழைத்து அம்மாவையே அந்தக் காயத்தில் பூச வைத்தாள். அம்மா அழுதுகொண்டே பூசினாள். பிறகு ராத்திரிச் சோற்றில் அம்மாவுக்குத்தான் கருவாட்டின் நடுத்துண்டை வைத்தாள். அதுதான் பெரியம்மா.

முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தது நினைவிருக்கும். எனக்கு எட்டு வயது. விலை எங்கிருந்து, எதற்காக விழுந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. "வெல விழுந்திருச்சாம், வெல விழுந்திருச்சாம்" என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். ஏதோ ஒரு பெரிய மரம் எங்கோ விழுந்துகிடப்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டேன். தோட்டத்தில் பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டார்கள். அந்தப் பக்கக் காட்டில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது. பிறகு ஆட்களை ஊருக்கு, அதாவது இந்தியாவுக்கு, அனுப்பத் தொடங்கினார்கள். கப்பல் டிக்கெட் கம்பெனி கொடுக்கும், திரும்பி வருவது உன் பாடு.

ஒவ்வொரு குடும்பமாக லயம் காலியானது. காலையில் என்னோடு பாண்டி விளையாடியவள் மறுநாள் இல்லை. அவர்கள் விட்டுப்போன கோழிகள் எங்கள் வாசலில் வந்து மேய்ந்தன. ஓர் அறையில் யாரோ மரப்பாச்சி ஒன்றை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை நான் எடுத்துக்கொண்டேன். எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் யார் போவார்கள், என்ன விட்டுச்செல்வார்கள் என்று காத்திருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் தோட்டத்து ஆபீஸ் பக்கம் பெரியம்மாவைப் பார்த்தேன். கிராணியின் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கணக்கெழுதுகிற, துரைக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கிராணியோடு அவள் அவசியமில்லாமல் பேசுவதே கிடையாது. அன்று தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கிராணி ஏதோ சொல்லிக் கையை விரித்தார். அவள் எதையோ திரும்பக் கேட்டாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் கொய்யா மரத்தில் இருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் பெரியம்மா என்னை எழுப்பினாள்.

"பள்ளிக்கூடம் வேணாம். என்கூட நிரைக்கு வா."

எனக்கு நம்ப முடியவில்லை. அவள் நிரைக்கு என்னைக் கூட்டிச்சென்றதே இல்லை. "புள்ளைங்க வந்தா கை கெடும்" என்று விரட்டுவாள். அம்மாவும் அதிசயமாகப் பார்த்தாள். கேட்கத் துணியவில்லை.

பனி மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. முதல் மரத்தருகே போனதும் பெரியம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். நாங்கள் வேதக்காரர்கள், தினமும் வெட்டத் தொடங்கும் முன் அவள் அப்படிச் செய்வது வழக்கமா, அன்றைக்கு மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. பிறகு பால் வெட்டும் கத்தியை வைத்து அழுத்தி இழுத்தாள்.

சத்தமே வேறாக இருந்தது. பட்டை சீவும்போது காகிதம் கிழிகிற மாதிரிக் கேட்கும். இது நறுக்கென்றது. வெள்ளைக் கட்டை தெரிந்தது. பால் ஓடவேண்டிய கோட்டில் ஓடாமல் மரம் முழுக்க வழிந்து வேரில் இறங்கியது.

"பெரியம்மா! காயம்!"

"தெரியுது."

அடுத்த மரத்திலும் அப்படியே செய்தாள். அதற்கடுத்ததிலும். கோபமாகச் செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன், கோபமில்லை. அரிசியில் கல் பொறுக்கும்போது இருக்கிற முகம்தான்.

"ஏன் பெரியம்மா இப்படிச் செய்யிற?"

"வாய மூடிட்டு மங்க எடு."

ஏழெட்டு மரம் தாண்டியதும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தியா?" என்றாள். "நல்லாப் பாத்துக்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குப் பதிலாக வேறு யாரோ அவள் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருப்பதுபோல் இருந்தது. மூன்று நாள் அப்படி என்னைக் கூட்டிச்சென்றாள். மூன்றாம் நாள் ஒரு மரத்தில் வெட்டியவுடன் தலைத்துணியால் அந்த இடத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள். அங்கேயும் கத்தி நறுக்கென்றுதான் இறங்கியது.

"யார்ட்டயும் சொல்லாதே" என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அப்போது நான் கவனிக்கவில்லை.

மூன்று நாள் வாயைக் கட்டியதே பெரிது; மூன்றாம் நாள் மாலை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நான் எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளாத பிள்ளை. லயத்தில் எனக்கு ஓட்டைவாய் என்று பெயர். அம்மா என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். "பொய் சொல்லாதடி, அதுவும் அக்காவப் பத்தி." ஆனால் மறுநாள் அவளே அந்த நிரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு பக்கத்து அறை அக்காளிடம் சொன்னாள். சாயங்காலத்துக்குள் கங்காணிக்குத் தெரிந்துவிட்டது.

பெரியம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதில் ஆளுக்கொரு பேச்சு. கண் மங்கிவிட்டது என்றார் ஒருவர். கொழுப்பு என்றார் இன்னொருவர். காலி லயத்துப் பக்கம் தனியாகப் போனதால் ஏதோ பிடித்திருக்கிறது என்று கிழக்கு லயத்துப் பெண்கள் உறுதியாகச் சொன்னார்கள். அப்பா, "நாமெல்லாம் வேதக்காரங்க, அதெல்லாம் பேசக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் முனியாண்டி கோயில் பூசாரியைப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். பூசாரி வேப்பிலையோடு வாசலில் நின்றதைப் பார்த்ததும் பெரியம்மா சிரித்தாள். "வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அவரும் காப்பியைக் குடித்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் போய்விட்டார்.

துரை வந்து மரங்களைப் பார்த்தார். பிரம்பால் ஒவ்வொரு காயத்தையும் தொட்டுக்கொண்டே நிரை முழுக்க நடந்தார். அவருடைய முகம் சிவந்திருந்தது. பெரியம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "கை வரல தொர. வயசாயிருச்சு" என்றாளாம். முப்பத்தெட்டு வயதுகூட ஆகவில்லை. அடுத்த கப்பலில் போகிறவர்களின் பட்டியலில் அவள் பெயரைப் போடச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு எங்கள் அறையில் நடந்த சண்டை இன்றும் என் காதில் கேட்கிறது. சித்தப்பாதான் கத்தினார். அவருக்கு அவள் தாய் மாதிரி. தாய் விட்டுவிட்டுப் போகும்போது பிள்ளைக்கு வருகிற கோபம் அது என்று இப்போது தோன்றுகிறது.

"வேணும்னேதான் வெட்னீங்க அண்ணி. ஊருக்குப் போகணும்னு ஆச. ஓசிக் கப்பல் கெடைக்குது, விடுவீங்களா?"

"ஆமா, அப்படித்தான்" என்றாள் பெரியம்மா. காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கள விட்டுட்டு?"

"நீங்கள்ளாம் வளந்துட்டீங்க. எனக்குன்னு ஒருத்தி இருக்காள்ல அங்க."

அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது: பெரியம்மாவுக்கு ஒரு மகள் இருந்தாள். கப்பல் ஏறும்போது இரண்டு வயதுக் குழந்தை. மூன்று வருடத்தில் திரும்பிவிடலாம் என்று தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பெரியப்பா இறந்ததும் திரும்பியிருக்கலாம். இரண்டு தம்பிகளையும் என்ன செய்வது? பதினாறு வருடங்கள் ஓடிவிட்டன. இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் பேசியதில்லை. என் தலையைப் பின்னியவள், எனக்கு நகம் வெட்டியவள், எங்கோ வேறொருத்திக்கு அம்மா என்பது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. அந்த அக்காள் மேல் பொறாமையாகவும் இருந்தது.

அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அம்மா பேசினாள். அவளுக்கு அப்போது மாதம் ஐந்து, தம்பி வயிற்றில் இருந்தான். பல வருடம் அடக்கிவைத்தது, சட்டென்று வெளியே வந்தது.

"போகட்டும். இனிமே என் அடுப்ப நானே பாத்துக்குவேன்."

பெரியம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "பாத்துக்க" என்றாள். "மொதல்ல உப்பு போடக் கத்துக்க. புள்ளத்தாச்சி, வாளியத் தூக்காத. கங்காணிட்டச் சொல்லி வச்சிருக்கேன், புல் வெட்டுக்கு மாத்துவாரு."

புறப்பட்ட நாளன்று ஸ்டேஷனுக்கு அப்பா மட்டும்தான் போனார். சித்தப்பா காட்டுப் பக்கம் போய்விட்டார். லோரி லயத்து முனையில் நின்றது. ஏற்கெனவே நாலைந்து குடும்பங்கள் மூட்டைகளோடு ஏறியிருந்தன. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நான் சொல்லித்தான் அவளை அனுப்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். நேரே வந்து என் தாடையைப் பிடித்து ஆட்டினாள்.

"இந்த வாயி இருக்கே இது" என்றாள். நான் அடிக்குக் காத்திருந்தேன். அவள் சிரித்தாள். "நல்ல வாயி" என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறிக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எட்டு வயதில் எனக்கு அது தண்டனையைவிடப் பயமாக இருந்தது.

அவள் போன பிறகு வீடு தடுமாறியது. சோறு குழைந்தது, அல்லது வேகவில்லை. கீரைப் பாத்தியில் கோழி விழுந்தது. சித்தப்பா கோபத்தோடு குளுவாங் பக்கம் வேறு வேலைக்குப் போனார். அம்மா புல் வெட்டினாள், தம்பியைப் பெற்றாள், ஆயாக்கொட்டகையில் அவனை விட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போனாள். அடுப்படியில் தனியாக இருக்கும்போது சில சமயம், "இத எப்படிச் செய்வாங்க அக்கா" என்று முணுமுணுப்பாள். நான் போனால் நிறுத்திக்கொள்வாள்.

கடிதங்கள் வந்தன. யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருப்பாள். தோட்டத்து வாத்தியார் படித்துக் காட்டுவார். "இப்பவும் நான் சுகம், அங்கு அனைவரும் சுகமா, பிறந்தது ஆணா பெண்ணா" என்று இருக்கும். அப்பா பதில் எழுதச் சொல்லவில்லை. "அவங்களே வேணாம்னுதானே போனாங்க" என்பார். நாலாவது கடிதத்துக்குப் பிறகு கடிதம் நின்றது. நானும் கேட்கவில்லை. என் மேல் இருக்கிற குற்றம் அப்படியே மறந்துபோனால் நல்லது என்று இருந்தேன்.

மூன்று வருடம் கழித்துக் கிராணிக்கு சிம்பாங் ரெங்கம் பக்கம் வேறு தோட்டத்தில் வேலை கிடைத்தது. போவதற்கு முன் லயம் லயமாக விடைபெற்றுக்கொண்டு வந்தார். எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டே அப்பாவிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"அந்தம்மா கடுதாசி போடுதா? நல்லாருக்கா?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவங்க சேதி நமக்கெதுக்குங்க? ஊர் ஆசையில போனவங்க."

கிராணி கோப்பையைக் கீழே வைத்தார். "என்னப்பா பேசுற? ஒனக்கு விசயமே தெரியாதா?"

அவர் சொன்னது இதுதான். அந்தக் கப்பலுக்கு எங்கள் வீட்டிலிருந்து எழுதியிருந்த பெயர் அம்மாவுடையது. வெட்டுச் சரியில்லாதவர்களை முதலில் கழிக்கச் சொல்லி உத்தரவு. மனைவி பெயர் விழுந்தால் புருஷன், பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்து அனுப்புவார்கள். ஐந்து மாத வயிற்றோடு அம்மா, நான், அப்பா மூவரும் அந்தக் கப்பலில் போயிருக்க வேண்டியவர்கள். அப்பாவுக்கு ஊரில் ஒரு கூரைகூடக் கிடையாது. பட்டியலைப் பற்றி அரசல்புரசலாகக் கேள்விப்பட்டுத்தான் பெரியம்மா அன்றைக்கு ஜன்னலுக்கு வந்திருக்கிறாள்.

"அவளுக்குப் பதிலா எம் பேரப் போடுங்கன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், ஒன்ன மாதிரி நல்ல கைய தொர அனுப்ப மாட்டாரும்மான்னு. உடனே அது கேக்குது: கெட்ட கைன்னா அனுப்புவாரான்னு. நான் சிரிச்சிட்டேன், வெளையாட்டுக்குக் கேக்குதுன்னு. அப்புறம் பாத்தா அது மொகத்துல வெளையாட்டு இல்ல."

அவளை அனுப்பும்போது, வீட்டுக்கு ஒரு பெயர் போதும் என்று அம்மாவின் பெயரை அவரே அடித்துவிட்டிருக்கிறார். அது அவர் செய்த உபகாரம்.

அப்பா எழுந்து உள்ளே போனார். அவர் அழுது நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அம்மா அழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து, புகை வாசல் வரைக்கும் வந்த பிறகும் எழவில்லை.

மறுநாளே வாத்தியாரிடம் போய்க் கடிதம் எழுதச் சொன்னார்கள். இரண்டு பக்கம். பதில் வரவில்லை. இன்னொன்று எழுதினார்கள். அதற்கும் இல்லை. குளுவாங்கிலிருந்து சித்தப்பா திரும்பி வந்தார். எங்களோடேயே இருந்துவிட்டார்.

விலை மறுபடி ஏறி, ஊரிலிருந்து ஆட்களைத் திரும்ப எடுக்கத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் மத்தியானம், தண்ணீர்க் குழாயடியில் அம்மா துணி கசக்கிக்கொண்டிருந்தாள். நான் தம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் பாதையில் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருத்தி நடந்து வந்தாள். மெலிந்து, முன்முடி வெளுத்திருந்தாள். அருகே வந்து பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"ஆம்பளப் புள்ளயா?" என்றாள்.

அம்மா சோப்புக் கையோடு அப்படியே மண்ணில் விழுந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்காகத்தானேக்கா போனீங்க? கிராணி சொல்லிட்டாரு. எல்லாம் சொல்லிட்டாரு."

பெரியம்மா காலை உருவிக்கொண்டாள். "எந்திரிடி. சேறு. ஒங்களுக்காகவா? நீ யாருடி எனக்கு? நான் என் மகளப் பாக்கப் போனேன். அந்தாளு தண்ணியப் போட்டுட்டு ஒளறியிருப்பான்."

அப்பா கேட்டபோதும் அதையே சொன்னாள். சித்தப்பா கேட்டபோதும் அதே. நான் கல்யாணமாகிப் போகும் முன்பு ஒரு நாள் தனியாக இருக்கும்போது கேட்டேன். நான் சொல்லுவேன் என்று தெரிந்துதான் என்னை நிரைக்குக் கூட்டிச்சென்றாயா என்றும் கேட்டேன். "ஒனக்கு வேற வேலையில்ல?" என்றாள். சாகும்வரை மாற்றிச் சொல்லவில்லை.

அப்படியானால் எது நிஜம்? எங்களைக் காப்பாற்றத்தான் மரத்தைக் கிழித்தாளா? மகளைப் பார்க்கும் ஆசைக்கு எங்களைச் சாக்காக எடுத்துக்கொண்டாளா? இரண்டும் ஒரே கத்தியில் இருந்திருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கலாம். என் வாயை அவள் ஒரு கருவியாக எடுத்துக்கொண்டதற்கு நான் பெருமைப்படுவதா, வருத்தப்படுவதா என்பதும் எனக்குத் தெரியவில்லை. எட்டு வயதிலிருந்து பதினொரு வயது வரைக்கும், ஒரு மனுஷியை ஊரைவிட்டே துரத்தியவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டுதான் தூங்கினேன். அதை அவள் யோசித்திருக்க மாட்டாள். அல்லது, யோசித்தும் வேறு வழியில்லாமல் செய்திருப்பாள். உங்களில் யாருக்காவது விளங்கினால் சொல்லுங்கள்.

அவள் திரும்பிவந்த அன்று சாயங்காலத்தையும் சொல்லி முடித்துவிடுகிறேன். லயத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் போன பிறகு சித்தப்பா மெதுவாக மகளைப் பற்றிக் கேட்டார்.

"நல்லாருக்கா" என்றாள் பெரியம்மா. "கல்யாணமாயி ரெண்டு புள்ளைங்க. நல்ல மாப்பிள்ளை. எங்கம்மாவத்தான் அம்மான்னு கூப்பிடுறா, பழகிட்டா. எனக்கு மரியாதைக்கு ஒரு கொறையும் இல்ல. போன ஒடனே பாயி, தலகாணி, சுடுதண்ணி எல்லாம். வாசலக் கூட்டப் போனா, நீங்க ஏன் கூட்டுறீங்கன்னு வெளக்கமாத்த வாங்கி வச்சிருவா. அடுப்புக்கிட்டப் போனா, நீங்க வந்தவங்க, ஒக்காருங்கன்னுவா. புள்ளையத் தூக்கினா, ஒங்களுக்குக் கை வலிக்கும், குடுங்கன்னுவா."

தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"மூணு வருசத்துக்கு மேல, தம்பி. ஒரு வேல செய்ய விடல."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அப்போது அரிவாள்மனையை எடுத்துவைத்து, இரவுச் சமையலுக்கு மீன் நறுக்க உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா எழுந்து சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பக்கம் போனாள். அம்மா தலையை நிமிர்த்தினாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "நீங்க ஒக்காருங்க" என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். "நீங்க" என்பது வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் என்ன தோன்றியதோ, வாயை மூடிக்கொண்டாள். எழுந்து இடம் விட்டு, அரிவாள்மனையையும் மீன் சட்டியையும் பெரியம்மாவின் முன்னால் தள்ளி வைத்தாள்.

நாலு கட்டை தூரம் பெட்டி சுமந்து வந்தவளை உட்காரவைத்து மீன் நறுக்கச் சொல்கிறாளே என்று எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. பெரியம்மா செதிலைச் சுரண்டத் தொடங்கினாள். "இது என்னடி, கெட்ட மீனா வாங்கியிருக்க" என்று அம்மாவைத் திட்டினாள். "ஆமாக்கா" என்றாள் அம்மா.